படகில் போகலாமா என்று யோசிக்கிறேன். போனவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மொணவூரான் — ஞாயிறு இரவு 10.40

வணக்கம். இத்தனை நாளும் படிப்பதோடு சரி. இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன்.

எனக்கு 23 வயது. வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாம். அம்மா 1990இல் பதினொரு வயதில் மன்னாரிலிருந்து வந்தவர். அப்பாவும் அதே வருடம் வந்தவர்தான். நான் பிறந்தது வேலூரில். வெளியே வேலூர்க்காரர்கள் மாதிரி பேசுவேன், வீட்டுப் படி ஏறினால் எங்கள் பேச்சு வந்துவிடும். இலங்கையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் என் காகிதம் எல்லாவற்றிலும் இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கிறது.

பி.சி.ஏ. முடித்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று சுற்றும் தாண்டினேன். சான்றிதழ் பார்க்கும் அன்றைக்கு, எந்த நாட்டுக் குடிமகன் என்ற கட்டம் வந்ததும் அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேலே கேட்டுச் சொல்றோம்" என்றார். இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மாமாவோடு பெயின்டிங் வேலைக்குப் போகிறேன். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, நாளைக்கு 900 ரூபாய். எங்கள் முகாமில் படித்த பையன்கள் பாதிப் பேர் சாரத்தில்தான் நிற்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் பேசினார். கனடா. பெரிய படகு, ஆளுக்கு ஐந்து லட்சம், ஒன்றரை லட்சம் முன்பணம், மீதி போய்ச் சேர்ந்த பிறகு. என்னோடு சேர்த்து மூன்று பேர் யோசிக்கிறோம். 15ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். அம்மாவிடம் இரண்டு வளையல் இருக்கிறது. கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார், அதுதான் பயம்.

நான் கடலைப் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. மெரினா மூன்று, மண்டபம் ஒன்று. நீச்சல் தெரியாது.

திட்டாதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

நெறியாளர் — ஞாயிறு இரவு 10.58

ஏஜென்ட் பெயர், போன் நம்பர், கிளம்பும் இடம் எதையும் யாரும் இங்கே போட வேண்டாம். போட்டால் நீக்கிவிடுவேன். இழை திறந்தே இருக்கும். இது பேச வேண்டிய விஷயம்.

பாலாற்று மணல் — ஞாயிறு இரவு 11.20

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். உங்கள் முகாம் பிள்ளைகள் பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். நீ எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

நம் ஊர்ப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, பார்த்திருப்பாய். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. 1816இல் கொழும்பிலிருந்து கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். பதினாறு வருடம் கோட்டைக்குள் இருந்து 1832இல் இங்கேயே இறந்தான். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும்போதெல்லாம், முகாம் பிள்ளைகள் மட்டும் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் கூடப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அப்போது அது ஏன் என்று தெரியவில்லை.

போகாதேப்பா. வேறு வழி பார்ப்போம்.

கரை தெரியும் — ஞாயிறு இரவு 11.47

ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். வேறு வழி என்ன? அந்த அரசனுக்குப் பதினாறு வருடம். எங்கள் பாட்டி 1990இலிருந்து முப்பது வருடம் பத்துக்குப் பத்து அறையில் இருந்து அங்கேயே கண்ணை மூடினார்.

நானும் முகாம்தான், வேறு மாவட்டம். எனக்கு 21. போகாதே என்று சொல்கிற எல்லோரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. எங்களுக்கு ஆதார் உண்டு, ரேஷன் உண்டு. ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, நிலம் இல்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், மூன்று நாட்டுக்காரர்களின் பெயர் வந்தது, எங்கள் பெயர் வரவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா தர்மசாலை இல்லை என்று சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் லைனில் யாரும் டிவியை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

படகில் போனவன் எல்லாம் செத்துவிடவில்லை. 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போகிற வழியில் படகு பழுதாகி, இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமிருந்த டியாகோ கார்சியா தீவில் 89 பேர் இறக்கப்பட்டார்கள். நம் முகாம்களில் இருந்தவர்கள் அதில் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் 2024 டிசம்பரில் லண்டன் விமானம் ஏறினார்கள். அதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் இன்ஜினியர் — திங்கள் காலை 5.15

காட்பாடிக்காரன். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் ஒன்பது வருடம். இப்போது லீவில் வீட்டில் இருக்கிறேன். தம்பி தெரிந்ததைச் சொல்லச் சொன்னான். எனக்குத் தெரிந்தது எண்ணெயும் தண்ணீரும்தான். அதைச் சொல்கிறேன்.

கனடாவை விடுங்கள், அது உலகத்தின் அந்தப் பக்கம். கிட்டத்தில் இருக்கிற, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவையே எடுத்துக்கொள்வோம். நம் கரையிலிருந்து ஏறக்குறைய 2000 கடல் மைல். ஒரு விசைப்படகு ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மணிக்கு ஏழு மைல் போனால் பெரிய விஷயம். இன்ஜினை ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் ஓட்டினால் பன்னிரண்டு நாள். மணிக்கு இருபது லிட்டர் டீசல் என்று குறைத்தே வைக்கிறேன், அதுவே 5,760 லிட்டர். 200 லிட்டர் பேரல் இருபத்தொன்பது. நூறு பேர் என்றால் ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 300 லிட்டர் குடிதண்ணீர், பன்னிரண்டு நாளுக்கு 3,600. அப்புறம் அரிசி, அடுப்பு, நூறு உடம்பு. இதெல்லாம் மீன் பிடிக்கக் கட்டிய படகில். ஒவ்வொரு கிலோவும் அதைத் தண்ணீருக்குள் கொஞ்சம் அமுக்கும். அலை அடிக்கும்போது எல்லோரும் பயந்து ஒரே பக்கம் சாய்ந்தால் போதும், அலையே தேவையில்லை.

எங்கள் கப்பல் பார்த்துக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். மரப் படகு ராடாரில் சரியாகத் தெரியாது. இரவு வாட்சில் நின்றிருக்கிறேன். விளக்கு இல்லாத படகு அரை மைலில் இருந்தாலும் எங்களுக்கு அங்கே இருட்டுதான். 2022 நவம்பரில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து 300க்கும் மேற்பட்ட இலங்கைக்காரர்களை ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பானியக் கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. அவர்களும் கனடா போகக் கிளம்பியவர்கள்தான். கூப்பிட்டது கேட்டது, பக்கத்தில் கப்பல் இருந்தது. நடுக்கடலில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

ஏஜென்ட்டிடம் இரண்டு கேள்வி கேள். எத்தனை லிட்டர் டீசல்? இன்ஜின் நின்றால் பிரித்துப் போட யார் வருகிறார்? பதில் எப்படி வருகிறது என்று பார்.

ஆம்பூர் மல்லி — திங்கள் மதியம் 1.35

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி 2012இல் போனான். வயது 20. பெங்களூரில் பெயின்டிங் கான்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். அம்மா மூன்று நாளாகப் பயறு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, பொரிவிளாங்காய் பிடித்தார். எங்கள் ஊரில் தூரப் பயணத்துக்கு அதுதான். மாதக்கணக்கில் கெடாது, கல்லு மாதிரி இருக்கும். ஐம்பது உருண்டை. துண்டில் கட்டிப் பைக்குள் வைத்தார்.

நான்காம் நாள் இரவு ஒரு தெரியாத நம்பரிலிருந்து பேசினான். "அக்கா, பை எல்லாத்தையும் விட்டுட்டு ஏறச் சொல்றாங்க. பாரம் அதிகமாம். நான் நாலு உருண்டை மட்டும் பாக்கெட்டில் போட்டிருக்கேன்" என்றான். பின்னால் யாரோ கத்தினார்கள். வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எந்த நாட்டிலிருந்தும் இல்லை.

செக்கிங் வந்தது. முகாமில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். முதல் மாதம் அம்மா பெங்களூர் என்றார். இரண்டாவது மாதமும் பெங்களூர். மூன்றாவது மாதம் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அம்மா அழுதார். படகு போன அன்றைக்கு அழவில்லை.

அவன் பேசிய என் பழைய நம்பரை அம்மா தன் போனில் போட்டு வைத்திருக்கிறார். ரீசார்ஜ் தவறினால் இன்கமிங் நின்றுவிடும். முகாமில் அம்மாவுக்கு அரசு தரும் பணக்கொடை மாதம் 1000 ரூபாய். அதில் முதல் செலவு அந்த நம்பருக்கு. மாத்திரை அப்புறம்தான்.

2019 ஜனவரியில் கேரளத்து முனம்பத்திலிருந்து நியூசிலாந்து என்று இருநூறு பேருக்கு மேல் ஒரு படகில் போனார்களே, தேவமாதா. கரையில் விட்டுப்போன பைகளை டிவியில் காட்டினார்கள். துணி, உலர்ந்த சாப்பாட்டுப் பொருள். அம்மா டிவி பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் பார்த்தார். அது வேறு படகு, ஏழு வருடம் கழித்துப் போனது என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் படகும் இதுவரை கிடைக்கவில்லை.

கரை தெரியும் தம்பி, உன் கோபம் நியாயம். நான் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. என் தம்பியும் இதையேதான் பேசினான்.

கரை தெரியும் — திங்கள் மதியம் 2.10

அக்கா, மன்னிச்சிடுங்க.

மெல்போர்ன் மழை — திங்கள் இரவு 7.30

நான் போய்ச் சேர்ந்தவன். அதனால் எழுத வேண்டும் என்று தோன்றியது.

2012 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவு. பதினேழு நாள். மீன் போடும் ஐஸ் அறையில் நாற்பது பேர் இருந்தோம். மேல் மூடியைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் மூச்சு வராது. அரை மணிக்கு ஒரு தடவை மூடியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், எல்லோரும் முகத்தை மேலே தூக்குவோம். மீன் நாற்றமும் டீசல் வாசமும் சேர்ந்த அந்த மணம் இன்றும் பெட்ரோல் பங்கில் நின்றால் வருகிறது. இறங்கி நடந்துவிடுவேன்.

நான் வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வந்தவர் யாருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியேற்றம் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். நவுரு, மானுஸ் என்று தீவுகளுக்கு அனுப்பினார்கள். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து குழந்தைகளோடு 157 பேர் கிளம்பினார்கள். உங்கள் பக்கத்து முகாம்களில் இருந்தவர்களும் உண்டு. அவர்களை நடுக்கடலில் சுங்கக் கப்பலில் ஏற்றி, ஜன்னல் இல்லாத அறையில் ஒரு மாதம் போல வைத்திருந்தார்கள். பிறகு நவுரு. இலங்கையிலிருந்து 2022இல் வந்த படகுகளையும் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டான். அவனுக்கு உங்களை ஏற்றினால் வேலை முடிந்தது.

சேர்ந்த எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2023 பிப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தரமாகத் தங்க வழி திறந்தது. நான் அதில் இல்லை. என் வழக்கை அதற்கு முன்பே தள்ளுபடி செய்துவிட்டார்கள். இன்னும் சில மாதத்துக்கு ஒரு தடவை விசாவைப் புதுப்பிக்கிறேன். 2024இல் உள்துறை அலுவலக வாசலில் நூறு நாள் கூடாரம் போட்டு உட்கார்ந்தோம். அந்த ஆகஸ்டில், சிறுவனாகப் படகில் வந்து பதினோரு வருடம் இப்படியே காத்திருந்த ஒரு தமிழ்ப் பையன் உயிரை விட்டான். அவனுக்கும் 23.

இங்கே எனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் நல்ல சம்பளம். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லக் கூடாது, அதனால் இதையும் எழுதுகிறேன். அம்மா போன வருடம் இறந்தார். போனால் திரும்பி வர முடியாது. வீடியோவில் பார்த்தேன்.

மொணவூரான் — திங்கள் இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை வேலை முடிந்து பஸ்ஸில் படித்தேன், ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏஜென்ட்டிடம் டீசல் கேள்வியைக் கேட்டேன் அண்ணா. "அதெல்லாம் உனக்கு எதுக்கு தம்பி, சீட் முக்கியமா டீசல் முக்கியமா" என்றார். அப்புறம், நாளைக்குள் கட்டினால் இருபதாயிரம் குறைக்கிறேன் என்றார்.

காட்பாடி வக்கீல் — திங்கள் இரவு 10.25

சட்டம் பற்றி யாரும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். முகாம் வழக்குகள் கொஞ்சம் பார்க்கிறேன்.

இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார். 2024 தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஓட்டும் போட்டார். அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். மொணவூரான், உங்களுக்கு அது பொருந்தவில்லை என்று எழுதியதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அம்மாவின் பழைய காகிதங்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தாத்தா பாட்டி மலையகம், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம் என்றால் கதை வேறு. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பங்கள் முகாம்களில் நிறைய உண்டு. பலருக்குத் தங்கள் டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

2025 செப்டம்பரில் ஒரு மத்திய அரசு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. இது குடியுரிமை இல்லை. ஆனால் 'சட்டவிரோதம்' என்ற சொல்லின் கனம் ஒரு பக்கம் குறைந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்கலாம், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம்.

விமானத்தில் போக வழி இருக்கிறதா என்றால், சுலபமாக இல்லை. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்து, இங்கிருந்து வெளியேறும் அனுமதி வாங்கி, அப்புறம் விசா. அலைச்சல் அதிகம், வருடங்கள் ஆகும். முகாம்களில் 1984இலிருந்து வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் விசாரித்துப் பாருங்கள். கனடாவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கும் முறை உண்டு. 2024 நவம்பரில் அதற்குப் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். அதை நம்பி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கரை தெரியும் சொன்ன டியாகோ கார்சியா உண்மைதான். 89 பேரும் வேலிக்குள் கூடாரத்தில் இருந்தார்கள், எலித் தொல்லையோடு. உண்ணாவிரதம் இருந்தார்கள், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. அவர்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்திருந்தார்கள் என்று அந்தத் தீவின் நீதிமன்றமே 2024இல் சொன்னது. அதற்குள், இனி யாராவது அங்கே வந்தால் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்புவது என்று பிரிட்டன் ஏற்பாடு செய்துவிட்டது. இவர்கள் போன வழி இவர்களோடு மூடிவிட்டது.

பாலாற்று மணல் — செவ்வாய் காலை 6.40

மேல்மொணவூரில் 2021 நவம்பரில் முதலமைச்சர் வந்து அடிக்கல் நாட்டிய அன்றைக்கு நானும் கூட்டத்தில் இருந்தேன். 2023 செப்டம்பரில் வீடுகளைத் திறந்தார்கள். முகாமின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்ல வேலை, மனசாரச் சொல்கிறேன். ஆனால் வீடு கொடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நம் ஊர்க்காரர்கள் நாங்கள் நிம்மதியாகிவிட்டோம். உள்ளே இருக்கிற பையனுக்கு வேலை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கவில்லை. வேலூரைச் சுற்றி இத்தனை கல்லூரி, ஆஸ்பத்திரி, ராணிப்பேட்டையில் இத்தனை தொழிற்சாலை. தனியார் வேலை கொடுக்க இவர்களுக்கு எந்தச் சட்டமும் தடையில்லை என்றுதான் நினைக்கிறேன். வக்கீல் தம்பி, சரிதானே? என்னிடம் படித்த பையன்கள் சிலர் கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கிறார்கள். இன்றைக்கே பேசுகிறேன். மொணவூரான், உன் மதிப்பெண் பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்பு.

காட்பாடி வக்கீல் — செவ்வாய் காலை 8.15

சரிதான் ஐயா. பயம்தான் தடை. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னால் நான் எழுதித் தருகிறேன்.

மொணவூரான் — செவ்வாய் இரவு 11.10

ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். படகு, ஐந்து லட்சம், 15ஆம் தேதி எல்லாம். வளையலைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, 1990இல் வந்த கதையை முதல் தடவையாகச் சொன்னார்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீட்டர்தான். படகுக்காரர் நேவிக்குப் பயந்து விடியும் முன்பே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கரை வந்துவிட்டது என்று நினைத்துத் திட்டின் மறுபக்கம் நடந்தார்களாம். அங்கேயும் கடல். தண்ணீர் ஏற ஏறத் தாத்தா அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டார். மத்தியானம் ஒரு மீனவர் படகு வந்துதான் ஏற்றியது. அதுவரை தாத்தா உட்காரவே இல்லை. முப்பது கிலோமீட்டருக்கே அவ்வளவு என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார்.

நான் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டப் போவதில்லை. மேலே என்ன செய்வேன் என்று தெரியாது. இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அடுத்த வருடம் இதே ஏஜென்ட் கூப்பிடுவார், அப்போது என்ன பதில் சொல்வேன் என்று இன்றைக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் எங்கள் மூன்று பேரில் ஒருவன் நேற்றே கட்டிவிட்டான். இருபதாயிரம் குறைவு என்றதும் கட்டிவிட்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். நான் சொன்னால், பயந்துட்டியா என்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

மூன்றாம் இன்ஜினியர் — செவ்வாய் இரவு 11.32

சனிக்கிழமை நான் மொணவூர் வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்கிறேன். கணக்கை ஒரு பேப்பரில் போட்டு அவன் முன்னால் வைத்துப் பேசுவோம். போன பணம் போகட்டும்.

ஆம்பூர் மல்லி — புதன் காலை 5.50

அந்தத் தம்பியின் நம்பரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. ஏழரைக்குக் கம்பெனி பஸ் வரும், அதற்கு முன்னால் நானே பேசுகிறேன். அம்மாவும் பக்கத்தில் இருக்கிறார். அவரும் பேசுவதாகச் சொல்கிறார். அந்த நம்பரிலிருந்தே பேச வேண்டும் என்கிறார்.